மெட்ரிகுலேஷன் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை

மாசி பிறந்துவிட்டால் நம் காலனியின் முகமே மாறிவிடும். மாலை வேளைகளில் கேட்கும் பந்தாட்ட ஆரவாரம் அடங்கும். ஊருக்குச் செல்லப் 'பாஸ்' எழுதி வாங்கியவர்களும் பயணத்தைக் கோடைக்குத் தள்ளிவைப்பர். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வாய் திறவாது. பரீட்சை என்பது மாணவன் ஒருவன் எழுதுவது என்ற நிலை மாறி, குடும்பம் முழுவதும் சேர்ந்து எழுதுவது என்ற நிலைக்கு நாம் வந்துவிட்டோம். இப்பரீட்சை நம் நாட்டில் எவ்வாறு தோன்றியது, எதற்காகத் தோன்றியது, காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதைச் சற்றே திரும்பிப் பார்த்தல், பிள்ளைகளைப் பெற்ற நம் அனைவர்க்கும் பயன் தரும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வாயிற்காப்போனாய் வந்த பரீட்சை

1854-ஆம் ஆண்டில் சர் சார்லஸ் வுட் என்பார் அனுப்பிய கல்வி அறிக்கையை அடியொற்றி, 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. அந்நாளில் இவை தாமே பாடம் நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதையே தம் பணியாகக் கொண்டிருந்தன. அவற்றின் தலைவாயிலில் நின்றதே மெட்ரிகுலேஷன் பரீட்சை. பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் சேர்த்தல் என்பதே அச்சொல்லின் பொருள். கல்கத்தாவில் அதனை 'என்ட்ரன்ஸ்' என்று அழைத்தனர். பள்ளிப் படிப்பு இனிது முடிந்தது என்று கூறுவதற்காக அது ஏற்படவில்லை; உள்ளே புகத் தகுதியுடையவர் யார் என்று நிறுத்துப் பார்ப்பதற்கே ஏற்பட்டது.

1857-இல் கல்கத்தாவில் அப்பரீட்சையை எழுதியோர் 244 பேர். சென்னையில் எழுத வந்தோர் 41 பேரே. அவருள் தேறியவர் 36 பேர். அடுத்த ஆண்டில் கல்கத்தாவில் நடந்த முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர் இருவர். அவருள் ஒருவர் பின்னாளில் 'வந்தே மாதரம்' பாடிய பங்கிம் சந்திர சட்டர்ஜி. ஆறு பாடங்களில் ஐந்தில் நன்கு தேறி, ஒன்றில் மட்டும் ஏழு மதிப்பெண்களுக்கு மேற்படாமல் குறைந்து நின்ற அவ்விருவர்க்கும், சிறப்புச் சலுகையாக அம்மதிப்பெண்களை மன்னித்தே பட்டம் அளித்தனர். பாரதத்தின் புகழ்பெற்ற ஆசிரியர் ஒருவர் 'கிரேஸ் மார்க்' பெற்றுத் தேறியவர் என்பதை, ஐந்து மதிப்பெண் குறைந்ததற்காகப் பிள்ளையை உண்ணவிடாமல் கடிந்துகொள்ளும் பெற்றோர் நினைவிற்கொள்வது நன்று.

சென்னையில் முதற்பட்டம் பெற்றவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை. அவர் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தார். சட்டம் பயின்று புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். ஆயினும் தமிழுலகம் அவரை நினைப்பது அவ்வுத்தியோகங்களுக்காக அன்று. ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887-இல் அச்சேற்றியது முதலாய தமிழ்த்தொண்டிற்காகவே. ஒருவர் எழுதித் தேறும் பாடம் ஒன்றாகவும், அவர் வாழ்ந்து காட்டும் பணி வேறாகவும் இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

உத்தியோகச் சீட்டு

பல்கலைக்கழகத்தின் வாயில் விரைவில் உத்தியோகத்தின் வாயிலாயிற்று. ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கே அரசாங்கப் பணியில் முதலிடம் என்று 1844-ஆம் ஆண்டிலேயே ஹார்டிஞ்ச் பிரபு அறிவித்திருந்தார். 1853-இல் பம்பாயிலும் 1856-இல் சென்னை இராயபுரத்திலும் ரயில் ஓடத் தொடங்கியபின், கணக்கெழுதவும் கடிதம் எழுதவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். தபால், தந்தி, கலெக்டர் கச்சேரி எங்கும் அதே நிலை. ஆகவே 'மெட்ரிக் பாஸ்' என்னும் சொற்கள் திருமணப் பேச்சிலும் இடம்பெறலாயின.

இதன் தீங்கை ஆட்சியாளரும் உணர்ந்தனர். 1882-ஆம் ஆண்டின் ஹண்டர் கமிஷன், உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில் இரண்டு பிரிவுகள் வேண்டும் என்றது. ஒன்று பல்கலைக்கழகத்துக்குச் செல்வோர்க்கு; மற்றொன்று வாணிகம் முதலிய தொழில்களுக்குச் செல்வோர்க்கு. இரண்டாம் கதவு திறந்தது. அதன்வழிச் சென்றவர் மிகச் சிலரே. உத்தியோகம் முதற்கதவுக்கு அப்பால் இருக்கையில், பெற்றோர் தம் பிள்ளையை இரண்டாவதன் பக்கம் திரும்பிப் பார்க்கவும் விடவில்லை.

எல்லார்க்கும் ஒரே பாதை என்பதன் கொடுமையைக் கும்பகோணத்து ராமானுஜன் வாழ்வில் காண்கிறோம். மெட்ரிகுலேஷனில் சிறப்பாகத் தேறி, 1904-இல் உதவித்தொகையுடன் கல்லூரி புகுந்த அவர், கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் எஃப்.ஏ. பரீட்சையில் தவறினார், உதவித்தொகையையும் இழந்தார். சென்னையில் மீண்டும் முயன்றும் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாய் அமர்ந்தார். ஆறே ஆண்டுகளில் லண்டன் ராயல் சொஸைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. எல்லாப் பிள்ளைகளும் ராமானுஜன் ஆகிவிடார், அது உண்மை. ஆயினும், தவறியவன் அறிவிலி என்று முடிவு கட்டும் உரிமை எந்தப் பரீட்சைக்கும் இல்லை என்பதும் உண்மையே.

இடம் பெயர்ந்தோரின் பள்ளிகள்

பரீட்சையைப் பல்கலைக்கழகத்தின் பிடியினின்றும் விடுவித்துத் தனி வாரியங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1917 முதல் 1919 வரை ஆராய்ந்த சாட்லர் கமிஷன் கூறிற்று. அவ்வழியில் 1929-ஆம் ஆண்டு ஆஜ்மீரைத் தலைமையிடமாகக் கொண்டு ராஜபுதனத்துக்கு ஒரு வாரியம் அமைந்தது. அதுவே 1952-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் என்று பெயர் பெற்று, 1962-இல் டில்லியில் திருத்தியமைக்கப்பட்டது. அடிக்கடி ஊர் மாற்றப்படும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகள், ஊருக்கு ஊர் பாடம் மாறித் தவித்தலாகாது என்பதே அத்திருத்தத்தின் முக்கிய நோக்கம். அதே நோக்குடன் 1963 முதல் கேந்திரிய வித்தியாலயங்களும் எழுந்தன. மாற்றல் உத்தரவு வந்தவுடன் நாம் முதலில் கேட்பது குவார்ட்டர்ஸ் கிடைக்குமா என்பதன்று, பள்ளி இருக்கிறதா என்பதே. அக்கவலைக்கு விடையாகவே இவை தோன்றின.

நம்மவர் அரசாங்கத்தை எதிர்பார்த்து வாளா இருக்கவுமில்லை. அலுவலகங்கள் சிம்லாவிலும் டில்லியிலும் இருந்த காலத்தில், அவற்றோடு வடக்கே வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் 1923-இல் மதராஸி கல்விச் சங்கத்தைத் தொடங்கின. இன்று டில்லியில் ஏழு பள்ளிகளை நடத்தும் தமிழ்க் கல்விக் கழகம் அதன் வழிவந்ததே. பம்பாய் மாதுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. கோயிலும் சங்கீத சபையும் அமைத்த அதே கைகள் பள்ளியையும் அமைத்தன என்பது நமக்குப் பெருமை.

பல கதவுகள் திறந்த வரலாறு

சுதந்திரத்தின்பின் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷனுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 1953-இல் வெளிவந்த அதன் அறிக்கை மாணவரின் இயல்புக்கேற்ப ஏழு பிரிவுகளை வகுத்தது: மொழி, வரலாறு முதலிய கலைகள், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வாணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல். ஒரு நாள் பரீட்சையை மட்டும் நம்பாது, பள்ளியில் ஆண்டு முழுதும் செய்த வேலையையும் மதிப்பிட வேண்டும் என்றும், பாடத் தெரிவுக்கு வழிகாட்ட ஆசிரியர்கள் வேண்டும் என்றும் அது வற்புறுத்திற்று. பல்நோக்குப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆனால் போதிய பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, கருவிகள் இல்லை, பெற்றோர் மனத்திலும் இடமில்லை. ஏழு கதவுகளுள் பெரிதும் விரும்பப்பட்டது விஞ்ஞானம் ஒன்றே. 1882-இல் கண்ட காட்சியை நாடு மீண்டும் கண்டது.

பின்னர், 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன், பத்தாண்டுகள் எல்லார்க்கும் பொதுக்கல்வி, அதன்மேல் இரண்டாண்டுகள் தனிப்பிரிவு என்று வகுத்தது. மத்திய வாரியம் அவ்வமைப்பில் 1977-இல் பத்தாம் வகுப்புத் தேர்வையும், 1979-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வையும் முதன்முதலாக நடத்தியது. தமிழ்நாட்டில் 1978-இல் மேனிலைப் பள்ளிகள் தொடங்கி, 1980-இல் முதல் 'பிளஸ் டூ' தேர்வு நடந்தது. பதினைந்து, பதினாறு வயதில் பாடப்பிரிவைத் தெரிந்துகொள்ளும் இன்றைய நிலை அவ்வாறே உருவாயிற்று.

அதன்பின்னும் மாற்றங்கள் ஓயவில்லை. மத்திய வாரியப் பள்ளிகளில் 2011 முதல் விருப்பத்துக்குரியதாய் இருந்த பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வு 2018-இல் மீண்டும் கட்டாயமாயிற்று. 2020 முதல் பத்தாம் வகுப்புக் கணிதம் எளியது, நிலைத்தரமானது என இருவகையாயிற்று. 2021-இல் கொள்ளைநோய் காரணமாக அவ்வாரியத்தின் பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் நடைபெறவே இல்லை. பள்ளி மதிப்பெண்களைக் கொண்டே முடிவு வழங்கினர். அப்பிள்ளைகளும் கல்லூரி புகுந்தனர். வானம் இடிந்து விழவில்லை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் தொழிற்கல்விக்கும் இடையே உயர்ந்த வேலி வேண்டா என்கிறது.

எம் இல்லத்தில் நடந்தது

இவ்வளவும் கூறும் யாம் குற்றமற்றவர் அல்லேம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வே எழுத்தர் பணியில் அமர்ந்த எமக்கு, யாம் புகாத வாயிலில் எம் மகன் புகவேண்டும் என்ற ஆசை இருந்தது. அவன் பத்தாம் வகுப்பு தேறிய ஆண்டில் வாணிகப் பிரிவு வேண்டும் என்றான். படிவத்தில் விஞ்ஞானம் என்று எம் கையால் எழுதினோம். அலுவலகத்தில் நண்பர்கள் கேட்டால் சொல்வதற்கு அதுவே கௌரவமாய்த் தோன்றிற்று. அரையாண்டுத் தேர்வில் பௌதிகத்திலும் ரசாயனத்திலும் தவறினான். வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒருநாள் இரவு பத்து மணியாகியும் வரவில்லை. தேடிச் சென்றபோது, பிளாட்பாரத்தின் கோடியில் புத்தகப் பையை மடியில் வைத்து அமர்ந்திருந்தான். எந்த வண்டிக்கும் காத்திருக்கவில்லை என்றும், வீட்டுக்கு வர மனமில்லை என்றும் மட்டும் கூறினான். அவனோடு அந்தப் பெஞ்சில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் நடந்த பிளாட்பாரம் அது. அன்றுபோல் என்றும் எம்மை அச்சுறுத்தியதில்லை.

மறு ஆண்டு அவன் வாணிகப் பிரிவில் மீண்டும் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தான். ஓராண்டு வீணாயிற்றே என்று உறவினர் வருந்தினர். இன்று பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான்; இரவு உணவின்போது எம்மோடு பேசவும் செய்கிறான். 1882-இலும் 1953-இலும் திறந்த கதவை மூடிய பெற்றோர் யாரோ அல்லர், எம்மைப் போன்றவர்களே என்பதை அவ்வாண்டில்தான் அறிந்தோம்.

நாம் செய்யத் தக்கவை

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு ஒருசில விண்ணப்பங்கள். பாடப்பிரிவுப் படிவத்தைப் பிள்ளையே எழுதட்டும். எழுதுமுன் எந்தப் பாடம் எந்தப் படிப்புக்கு வேண்டும் என்பதை நாமும் உடனிருந்து கேட்டறிவோம். மருத்துவத்துக்கு உயிரியல் வேண்டும். பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். பத்தாம் வகுப்பில் எந்தக் கணிதம் எடுப்பது, பின்னர் அதனால் என்ன ஆகும் என்பதை ஆசிரியரிடம் முன்னரே தெளிவோம். தமிழாசிரியர் உள்ள பள்ளியில் தமிழையும் ஒரு பாடமாக எழுதச் செய்வோம். மத்திய வாரியத்தில் அதற்கு இடம் உண்டு. தேர்வுக் காலத்தில் மனம் கலங்கும் மாணவர்க்காக வாரியம் 1998 முதல் தொலைபேசி வழியே ஆலோசனை வழங்கி வருகிறது. அதனை நாடுவது இழுக்கன்று. இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்காகச் சங்கக் கூடத்தைத் தேர்வு முடியும்வரை மாலை ஆறு முதல் பத்து வரை திறந்துவைப்போம்; பெரியவர் இருவர் முறைவைத்துக் காவலிருப்போம்.

யாவற்றினும் மேலாக, முடிவு வெளிவரும் நாளில் எண்ணைக் கேட்பதற்கு முன், 'சாப்பிட்டாயா?' என்று பிள்ளையைக் கேட்போம். நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கமிஷன்கள் ஒவ்வொன்றாய்த் திறந்த கதவுகளை, நம் வீட்டு வாயிலில் நாமே அடைத்து நிற்க வேண்டா. இவ்வாண்டு தேர்வெழுதும் நம் காலனிச் செல்வங்கள் அனைவரும் நலமுடன் எழுதி, தமக்குரிய வழியைத் தாமே கண்டு சிறக்க வாழ்த்துகிறோம்.