பிலிப் கே. டிக்கின் தொடக்கக் காலச் சிறுகதைகள்

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் பிலிப் கே. டிக் (1928–1982), முதல் நாவலான 'சோலார் லாட்டரி' 1955இல் வெளிவரும் முன்னரே சிறுகதையாளராகப் பெயர் பெற்றிருந்தார். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர், எழுத்தையே பிழைப்பாக்கிக்கொண்டதும், சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் காசு தரும் மலிவு விலை இதழ்களுக்கு எழுதித் தள்ளினார். 1953இல் மட்டும் சுமார் 30 கதைகள் அச்சேறின. அவசரத்தின் தடம் நடையில் தெரியும். பல பாத்திரங்களுக்குப் பெயரைத் தவிர வேறு அடையாளமே இல்லை. ஆனாலும் கதையைக் கீழே வைக்க முடிவதில்லை.

1951இல் ஆந்தனி பவுச்சர் என்ற இதழாசிரியர் வாங்கிய 'ரூக்' டிக் விற்ற முதல் கதை. வீட்டார் உணவை உலோகப் பாண்டத்தில் சேர்த்து மூடிவைக்கிறார்கள். ஆட்கள் வந்து அள்ளிப் போகிறார்கள். குப்பை வண்டிக்காரர்கள்தான். வீட்டு நாய்க்கோ அவர்கள் வேற்றுலகத் திருடர்கள். அது தொண்டை கிழியக் குரைக்க, வீட்டுக்காரருக்கு அக்கம்பக்கத்தாரின் ஏச்சுதான் கவலை. கதை கடைசிவரை நாயின் கட்சியிலேயே நிற்கிறது.

விண்கலமோ கதிர்த் துப்பாக்கியோ அல்ல, பழகிய பொருள்மீது எழும் இந்தச் சந்தேகமே இக்கதைகளின் ஈர்ப்பு. 'காலனி' (1953) கதையில் ஆபத்தே இல்லாததாகத் தோன்றும் கோள் ஒன்றில் ஆய்வாளர் நுண்ணோக்கியில் கண் வைக்கிறார். அது அவர் கழுத்தைச் சுற்றி இறுக்குகிறது. எந்தப் பொருளின் வடிவத்தையும் எடுக்கும் உயிரி அது. துண்டு, இடுப்புவார் என எதையும் நம்ப முடியாமல் போகிறது. மீட்க வந்த கலத்தில் எல்லாரும் ஏறுகிறார்களே, அந்தக் கலம்? டிக்கின் குரூர நகைச்சுவைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. 1956இல் இது 'எக்ஸ் மைனஸ் ஒன்' வானொலித் தொடரில் நாடகமாயிற்று.

1953இலேயே வந்த 'இம்போஸ்டர்' சந்தேகத்தைத் தன்மீதே திருப்புகிறது. ஆயுத ஆராய்ச்சியில் உள்ள ஒருவரை, வெடிகுண்டு சுமக்கும் எதிரி ரோபோ என்று சொல்லிக் கைது செய்கிறார்கள். தான் மனிதன் என்பதில் அவருக்கு ஐயமில்லை, வாசகருக்கும் இல்லை, அவருடைய சடலமே கண்ணெதிரே கிடக்கும்வரை. கம்யூனிஸ்ட் வேட்டை அமெரிக்காவில் உச்சத்தில் இருந்த காலம் அது. பக்கத்து வீட்டுக்காரரையே ஐயுற்ற வாசகர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. 2001இல் திரைப்படமானபோது துரத்தல் காட்சிகள் நீண்டன, கதையின் இறுக்கம் தளர்ந்தது.