இரவை யார் மூடுவது?

'கூத்தடிக்கிறதுல என்னய்யா வரலாறு இருக்கு?' என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. உழைப்புக்கு வரலாறு எழுதலாம், பசிக்கு எழுதலாம், போராட்டத்துக்கு எழுதலாம்; விடிய விடிய ஆடுவதற்கு எழுத முடியாது என்பது இக்கேள்விக்குப் பின்னுள்ள நம்பிக்கை. ஆனால் அரசுகள் ஒருபோதும் அப்படி நினைத்ததில்லை. மக்கள் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மொழியில் பாடி ஆடுகிறார்கள் என்பதை அவை கவனித்தே வந்திருக்கின்றன. தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள கோன்கேன் நகரத்தின் இரவை இந்தக் கோணத்தில் வாசித்துப் பார்க்கலாம்.

தாய்லாந்து இரவு என்றதுமே பட்டாயா, புக்கெட், பாங்காக்கின் பட்போங் தெரு என்று ஒரு பட்டியல் வந்து விழும். கோன்கேனில் கடல் கிடையாது. அந்தப் பட்டியலிலும் அது கிடையாது. இங்குள்ள இரவு விடுதிகளில் ஆடுவதற்கென்று தனித் தளம் இருப்பது அபூர்வம். உயரமான சின்ன மேசைகள். நண்பர்கள் கூட்டாகக் காசு போட்டு ஒரு பாட்டில் வாங்கி, ஐஸும் சோடாவும் சேர்த்து நடுவில் வைத்துக்கொள்வார்கள். மேடையில் வாத்தியக் குழு, மேசையைச் சுற்றி நின்ற இடத்திலேயே ஆட்டம். யாருடைய கிளாஸ் காலியானாலும் பக்கத்திலிருப்பவர் ஊற்றுவார். ஊருக்கு வெளியே போனால் கோயில் திருவிழாவிலும், பையன் துறவு ஏற்கும் சடங்கிலும் மோலாம் மேடை போடுவார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு பாட்டி முதல் பேத்தி வரை வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பயணக் கையேடு இதைத்தான் 'உண்மையான தாய்லாந்து' என்று சொல்லும். இந்த 'உண்மை' கைபடாத எச்சம் அல்ல என்பதுதான் என் வாதம். அரசும் போரும் கூலியும் சேர்ந்து உருவாக்கிய இரவு இது.

'மோ' என்றால் கைதேர்ந்தவர், 'லாம்' என்றால் பாடுவது. பாட்டு லாவோ மொழியில். மூங்கில் குழல்களை இரு வரிசையாகக் கட்டி வாயால் ஊதும் 'கேன்' என்ற வாத்தியம் கூடவே வரும் (நகரப் பெயரிலுள்ள கேன் வேறு சொல்). 1826-28இல் வியந்தியானின் லாவோ மன்னர் அனுவோங் சயாமுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றபோது நகரம் தரைமட்டமானது. மக்கள் கூட்டங்கூட்டமாக மேகாங் ஆற்றுக்கு இப்பால் ஓட்டிவரப்பட்டார்கள். தோற்றவர்களின் இசை வென்றவர்களின் தலைநகரத்தையே பிடித்துக்கொண்டது வேறு கதை. மன்னர் மோங்குட்டின் தம்பியும் இரண்டாம் மன்னருமான பின்க்லாவே கேன் ஊதுவதில் பிரியம் கொண்டவர். 1866 தொடக்கத்தில் அவர் இறந்தார். அந்த ஆண்டுவாக்கிலேயே மோங்குட் லாவோ கேன் ஆட்டத்தைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். காரணங்களைப் பாருங்கள்: லாவோக்கள் தாய்களுக்கு ஊழியம் செய்பவர்கள், அவர்களின் ஆட்டத்தைத் தாய்கள் பின்பற்றுவது தகாது, இது பரவியதிலிருந்து மழை குறைந்துவிட்டது. வறட்சிக்குப் பாட்டின் மீது குற்றப்பத்திரிகை! கீழே இருப்பவரின் இன்பம் மேலே ஏறிவரும்போது அதிகாரம் கொள்கிற பதற்றத்தை இதைவிட வெளிப்படையாக யாரும் எழுதிவிட முடியாது.

அடுத்து பெயர். 1899-1900 நிர்வாகச் சீர்திருத்தத்தில் இப்பகுதி மாகாணங்களின் பெயரிலிருந்து 'லாவோ' நீக்கப்பட்டு 'ஈசான்' வந்தது. நம்ம ஊர் வாஸ்துக்காரர் சொல்கிற ஈசானிய மூலைதான் அது, வடகிழக்கு. ஓர் இனத்தின் பெயர் போய், பாங்காக்கிலிருந்து பார்க்கிற திசையின் பெயர் ஒட்டிக்கொண்டது. பாட்டு சும்மா இருக்கவில்லை. கூழாங்கல் பொன்னாகும், பொன் கூழாங்கல்லாகும் என்ற தீர்க்கதரிசனத்தை மோலாம் பாடகர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1901-02இல் அது 'புண்ணியவான்'களின் கிளர்ச்சியாக வெடித்தது. உபோன் பகுதியில் அரசு பீரங்கி கொண்டு அதை நசுக்கியது.

பிறகு வந்தது தார்ச்சாலை. அமெரிக்க உதவியுடன் போடப்பட்டு 1958இல் கோரத் வரை திறக்கப்பட்ட நெடுஞ்சாலைக்கு 'மித்ரபாப்', அதாவது நட்பு என்று பெயர். 1960களில் அது கோன்கேன் வழியாக லாவோஸ் எல்லை வரை நீண்டது. கோரத், உடோன், உபோன், நகோன் பனோம் எங்கும் அமெரிக்க விமானங்கள். 1960களின் இறுதியில் தாய்லாந்தில் இருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 50,000 பேர். தள நகரங்களில் பார்கள் முளைத்தன. 'வாடகை மனைவி' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. சட்டத்தின் இரட்டை நாக்கு இங்கே தெளிவு. 1960 சட்டம் பாலியல் தொழில் செய்யும் பெண்ணைக் குற்றவாளியாக்கியது. 1966 சட்டம் கேளிக்கை விடுதிகளுக்கு உரிமம் கொடுத்தது. 1967இல் அமெரிக்கத் துருப்புகளின் 'ஓய்வு, பொழுதுபோக்கு'க்கு ஒப்பந்தம். அதே காலத்தில் கம்யூனிச எதிர்ப்புப் பிரச்சாரத்துக்கு மோலாம் பாடகர்களையே கூலிக்கு அமர்த்தினார்கள். காட்டிலிருந்த கட்சிக்காரர்களும் அதே மெட்டில் பதில் சொன்னார்கள். இசை யாருக்கும் சொந்தமாக மறுத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1976இல் தளங்கள் காலியாயின. அதே ஆண்டு அக்டோபர் 6, தம்மசாத் பல்கலைக்கழகப் படுகொலை. ஆயிரக்கணக்கான மாணவர்கள் காட்டுக்குப் போனார்கள். 'வாழ்வுக்கான பாட்டு' இயக்கத்தின் முன்னோடிக் குழுவான காரவானும் போனது. 1980இன் 66/2523 ஆணைக்குப் பிறகு பலர் திரும்பினார்கள். அந்தப் பாடல்கள் இப்போது எங்கே கேட்கின்றன? எருமை மண்டையோடும் மாட்டுவண்டிச் சக்கரமும் தொங்கும் பீர்க்கடைகளில். 'தவன் தேங்' என்று பல ஊர்களில் விடுதிகள் உண்டு. பொருள், சிவப்புச் சூரியன்! புரட்சி பண்டமாகிவிட்டது என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதிவிட்டுப் போகலாம். ஆனால் பள்ளிப் பாடநூல் சொல்லத் தயங்குகிற 1976ஐ, பத்து மணிக்கு மேல் ஒரு மெக்கானிக்கும் கடைச் சிப்பந்தியும் வாய்விட்டுப் பாடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தானே வாசிக்க வேண்டும்?

1980களின் இறுதியில் மோலாம் மின்சாரமானது. கிதார், டிரம்ஸ், வேகம். 'ரேசிங்' என்ற சொல்லை முறித்து 'மோலாம் சிங்' என்றார்கள். சீரழிவு என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்த வேகம் எங்கிருந்து வந்தது? டாக்சி ஓட்டவும், கட்டடம் கட்டவும், தறியில் நிற்கவும் பாங்காக் போன ஈசான் பிள்ளைகளின் வாழ்க்கை வேகம் அது. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் மேடை போடப்படுகிறது. ஒரு நாள் லீவில் வருகிறவனுக்கு நிதானமான ஆலாபனை எதற்கு?

இதையெல்லாம் விடுதலையின் கொண்டாட்டமாக்கி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் வேண்டாம். விடுதிப் பாடகியின் கழுத்தில் ரூபாய்த்தாளைக் கோத்ததுபோல பாத் நோட்டு மாலை விழுகிறது; சம்பளத்தில் பாதி அந்த மாலையில்தான், அதைப் போடுகிறவனிடம் சிரித்தாக வேண்டும். இரவு ஆணுக்கு ஓய்வு. பெண்களில் பலருக்கு அதுவே ஷிப்ட். 'உள்ளூர்' என்ற சொல்லுக்குள் இந்தப் பிளவு மறைந்துவிடக் கூடாது. பாலியல் சந்தை என்பது வெள்ளைக்காரப் பயணியோடு இறங்கியது மட்டுமல்ல. உள்ளூர் வாடிக்கையாளன் அவனுக்கு முந்தியவன்.

2010இல் செஞ்சட்டையினர் பாங்காக்கை முற்றுகையிட்டபோது அந்த மேடைகளில் ஒலித்தவை மோலாமும் நாட்டுப்புறப் பாட்டும்தான். அந்தப் போராட்டத்தில் 90க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2014 மே 22 ராணுவப் புரட்சியன்று வந்த முதல் ஆணைகளில் ஒன்று, இரவு பத்து முதல் காலை ஐந்து வரை ஊரடங்கு. 2020 ஏப்ரலில் கொள்ளைநோயின் பெயரால் மறுபடியும் பத்து மணி. நோய் நிஜம்தான். மேடையை நம்பிய பாடகர்களும், ஆட்டக்காரர்களும், விளக்குக்காரர்களும் வேலையற்றுக் கிடந்ததும் நிஜம்.

தடையாணை, பீரங்கி, உரிமம், ஊரடங்கு: 1866க்கும் 2020க்கும் இடையில் கருவி மாறியது, காரணம் மாறியது. எப்போது மூடவேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் பாடுகிறவர் கைக்கு வரவில்லை. மேசையைச் சுற்றி ஆடுகிறவனைப் பார்த்து 'விழிப்புணர்வில்லாதவன்' என்று குறிப்பெழுதப் பேனாவை எடுக்குமுன், தோழரே, அந்த நாலு மணி நேரம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்றும், பாட்டிலைத் திறந்துவைத்த பெண் எப்போது வீடு போவாள் என்றும் கேட்டுவிட்டு எழுதுவோம்.