நலமுள்ள கண்ணின் அளவு

திருகோணமலைத் துறைமுகத்தை இரவில் அணுகும் கப்பலின் இடப்புறத்தில் செவ்விளக்கும் வலப்புறத்தில் பச்சை விளக்கும் ஒளிர்வதை நேயர்கள் அறிவர். எதிரே வரும் கலம் எத்திசை செல்கிறது என்பதை மாலுமி அந்நிறங்களைக் கொண்டே உணர்கிறார். அவருடைய கண் பழுதற்றது என்று எவ்வாறு துணிவது?

1875ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லாகர்லுண்டாவில் இரு புகைவண்டிகள் மோதிப் பலர் மாண்டனர். நிறங்களைப் பிரித்தறியாத குறைபாடே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்றார் உப்சாலாப் பேராசிரியர் ஹோம்கிரென். காட்டிய நூலுக்கு ஒத்த நிறமுடைய கம்பளி நூல்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சோதனையை அவர் பரப்பினார்.

அச்சோதனை, சோதிக்கப்படுபவர் தரும் விடையையே நம்பியிருந்தது. கண்ணே நேராக விடை கூறும் வழிக்கும் ஹோம்கிரெனே வித்திட்டிருந்தார். ஒளி பட்டதும் தவளையின் கண்ணில் மின்னோட்டம் மாறுவதை 1865இல் அவர் கண்டார். 1877இல் ஸ்கொத்லாந்து அறிஞர் ஜேம்ஸ் டுவர் மனிதக் கண்ணிலும் அதனை அளந்தார். 1945இல் ஸ்டொக்ஹோம் வைத்தியர் கார்ப்பே, நலமுள்ள கண்களையும் நோயுற்ற கண்களையும் அளந்து ஒப்பிட்டு, இம்முறையை மருத்துவத்துக்கு உரியதாக்கினார்.

1972இல் இலண்டனில் ஹாலிடேயும் அவர்தம் துணைவரும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். மாறிமாறித் தோன்றும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் கண் நோக்கும்போது, ஏறத்தாழ 100 மில்லிசெக்கனில் மூளையில் ஒரு மின்னலை எழுகிறது. பார்வை நரம்பு அழற்சியுற்றோரிடம் அது தாமதமாகிறது; பார்வை தெளிந்த பின்னரும் அத்தாமதம் நீடிக்கக் கூடும்.

எவ்வளவு பிந்தினால் அது தாமதம்? நலமுள்ளோரின் அளவு தெரியாமல் இதற்கு விடையில்லை. அவ்வளவோ வயதுக்கும் கருவிக்கும் ஒளியின் செறிவுக்கும் ஏற்ப மாறுவது. ஆகவே, 1989இல் விழித்திரைச் சோதனைக்குச் சர்வதேச நியமம் வகுக்கப்பட்டது. எனினும், ஒவ்வோர் ஆய்வுகூடமும் தனக்குரிய அளவை நலமுள்ளோரிடமிருந்து தானே நிறுவ வேண்டும் என்பதே அறிஞர் கொள்கை. நடு அளவும், இருபுறத்திலும் நூற்றுக்கு ஐவரை விலக்கிய எல்லைகளும் குறிக்கப்படுகின்றன. விலக்கப்பட்ட அவ்வைவரும் நலமுள்ளவரே. எல்லையைத் தாண்டிய எண் ஒன்றைமட்டும் கொண்டு ஒருவரை நோயாளி எனல் தகாது.

கடற்றொழிலாளர் ஒருவரின் கண்ணைச் சோதிக்கும் வைத்தியர், பிறிதோர் ஆய்வுகூடத்தின் எண்ணை அப்படியே கைக்கொண்டால் பிழை நேரலாம். நோயில்லாத ஒருவர் கண்மணி விரிய மருந்திட்டு இருளில் 20 நிமிடம் பொறுத்திருந்து தம் கண்ணை அளக்கத் தருவாராயின், அது தாம் அறியாத ஒருவரின் பார்வைக்கு அவர் செய்யும் உதவியாகும்.