ரேச்சல் கார்ஸனும் உயரும் கடலும்

நம்மிடையே விஞ்ஞானம் எழுதுகிறவர் என்றால், பாடப்புத்தகத்தை எளிமைப்படுத்தித் தருகிறவர் என்றே அர்த்தம். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ரேச்சல் கார்ஸனின் 'நம்மைச் சூழ்ந்த கடல்' அந்த எண்ணத்தைக் குலைத்தது.

கார்ஸன் கடற்கரைக்காரர் அல்ல. 1907ல், பென்ஸில்வேனியாவில் கடலுக்கு வெகுதூரத்திலுள்ள ஸ்பிரிங்டேலில் பிறந்தவர். எழுத்தாளராக விரும்பி, கல்லூரியில் முதலில் ஆங்கில இலக்கியம் எடுத்தார். பின்னர் உயிரியலுக்கு மாறினார். கடலை முதலில் கண்டது 1929ல், வுட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது. 1935ல் தகப்பனார் இறந்தார். குடும்ப பாரம் இவர் மேல் விழுந்தது. அமெரிக்க மீன்வள இலாகாவில் வானொலிக்கு ஏழு நிமிஷ உரைகள் எழுதும் வேலை கிடைத்தது. இலாகா பிரசுரம் ஒன்றுக்கு இவர் எழுதிய முன்னுரையை மேலதிகாரி எல்மர் ஹிக்கின்ஸ் ஏற்கவில்லை. அதை 'அட்லாண்டிக் மந்த்லி'க்கு அனுப்பச் சொன்னார். 1937ல் அங்கு வெளிவந்தது. இலாகாவுக்கு வேண்டிய அளவுக்கு மேல் நன்றாக இருந்ததுதான் அதன் குற்றம்.

முதல் புத்தகம் 1941 நவம்பரில் வந்தது. அடுத்த மாதம் பேர்ல் ஹார்பர். புத்தகம் விற்கவில்லை. பத்து வருஷம் இலாகா மேஜையில் பிறருடைய அறிக்கைகளைத் திருத்தியபடி இருந்தார். 1951ல் 'நம்மைச் சூழ்ந்த கடல்' வந்த பிறகு, 1952ல்தான் வேலையை விட முடிந்தது.

அந்தப் புத்தகத்தில், கடல் மட்டம் நம் காலத்திலேயே உயர்ந்து வருகிறது என்கிறார் கார்ஸன். பனி உருகுவதையும் வடதுருவம் வெப்பமாவதையும் சொல்கிறார். காரணம் தேடும்போது மட்டும், ஸ்வீடன் நாட்டு ஆட்டோ பெட்டர்ஸனின் ஓதக் கொள்கையின் பக்கம் சாய்கிறார். கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று கை காலண்டர் 1938லேயே எழுதியிருந்தார். இன்றைய அறிவு காலண்டரின் பக்கம்.

அப்படியானால் அந்தப் பக்கங்கள் செத்துவிட்டனவா? நடை காப்பாற்றுகிறது என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. தவறான காரணத்தை நடை காப்பாற்றாது. அவற்றைக் காப்பது வேறொன்று: கண்டதையும் கண்டதற்குச் சொன்ன காரணத்தையும் அவர் ஒன்றாகக் குழைக்கவில்லை. பெட்டர்ஸனை எடுத்துவிட்டாலும் உருகும் பனி அங்கேயே இருக்கிறது. இதை நான் எழுத்தின் ஒழுக்கம் என்பேன். கவிதைக்கும் இது வேண்டியதுதான்.

கடல்கோள் என்ற சொல் நம்மிடம் உண்டு. அதில் கடல் ஒரே மூச்சில் நகரத்தை விழுங்கும், பிறகு புலம்பல். இப்போது நடப்பது அப்படியல்ல. செயற்கைக்கோள்கள் 1993 முதல் அளந்ததில், முப்பது வருஷத்தில் உயர்ந்தது சுமார் 10 சென்டிமீட்டர். தொடக்கத்தில் வருஷத்துக்கு 2 மில்லிமீட்டரை ஒட்டியிருந்த வேகம் இப்போது 4ஐத் தாண்டிவிட்டது. புலம்ப இதில் ஒரு காட்சியும் இல்லை. கடல்கோளுக்குப் பழகிய நம் கற்பனைக்கு மில்லிமீட்டர் உறைப்பதில்லை.

கார்ஸன் 1964ல் இறந்தார். செயற்கைக்கோள் அளவுகள் எதையும் அவர் பார்க்கவில்லை. கரையோரத்தில் மெதுவாக நகரும் ஒரு கோட்டை, அது நகர்கிறது என்று வாசகன் உணரும்வரை நிதானமாக எழுதிக்காட்டினார். தமிழில் அதற்கான பொறுமை நமக்கு இன்னும் வரவில்லை என்று எனக்குப் படுகிறது.