டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு மாற்றுதல்

பழைய வாகனங்களின் பற்றரி சார்ஜ் முறையை நவீனப்படுத்தும் வேலை. இலங்கையில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் (உற்பத்தி 1948–1971), ஆரம்பகால லான்ட் ரோவர் போன்றவற்றுக்கு இது பொருந்தும்.

இவற்றில் பலவற்றில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ உச்சமாக 22 ஆம்பியர் தரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அநேகமாக ஒன்றும் தராது. உதாரணமாக, ஊவா மாகாணத்தின் வெல்லவாய–எல்ல வீதி சுமார் 1,040 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அங்கே மூடுபனியில் லொறிக்குப் பின்னால் ஊரும்போது ஹெட்லைட்டும் வைப்பரும் ஒன்றாக ஓடினால் சுமை முழுவதும் பற்றரிமேல் விழும். லூகாஸ் 17ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர் வரை தரும். குறைந்த வேகத்திலும் சார்ஜ் செய்யும். ஊவாவின் மலைப்பாதைகளுக்கு இந்த இரண்டாவது குணமே முக்கியம்.

இத்தகைய பழைய வண்டிகள் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த் (பற்றரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்த முறை) கொண்டவை. முதலில் அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்ற வேண்டும்: பற்றரி முனைகளையும், இக்னிஷன் கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். தவறினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கணத்தில் எரிந்துவிடும். பழைய ரேடியோவையும் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். வோல்டேஜ் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டரின் உள்ளேயே இருப்பதால் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி தேவையில்லை. ஆனால் பற்றரிக்குச் செல்லும் பிரதான வயர் தடித்ததாக இருக்க வேண்டும். டாஷ்போர்டின் சிவப்பு எச்சரிக்கை பல்பைத் தவிர்க்கக் கூடாது: அதன் வழியே வரும் சிறு மின்னோட்டமே ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது.

கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை அசல் நிலைக்குத் திருப்ப அது வேண்டும்.