வாய்தா தேதி கேட்டு அலைய வேண்டாம்! செல்போனிலேயே பார்க்கலாம்

"அடுத்த வாய்தா என்னைக்கு?" என்று கேட்பதற்காகவே ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கோர்ட்டுக்கு அலைபவர்கள் ஏராளம். வக்கீல்கள் பயன்படுத்தும் இன்டர்நெட் வசதிகளை நீங்களும் பைசா செலவில்லாமல் பார்க்கலாம். விவரம் வருமாறு:-

இ-கோர்ட்ஸ்: ஒவ்வொரு கேசுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். நம்பர் உண்டு. அதை "இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்" செயலியில் தட்டினால் போதும். அடுத்த வாய்தா, இதுவரை போட்ட உத்தரவு எல்லாம் வந்து விழும். நம்பர் தெரியாதா? வாதி, பிரதிவாதி பெயரை வைத்தும் தேடலாம்.

இந்தியன் கானூன்: 2008-ல் தொடங்கிய இணையதளம். சுப்ரீம் கோர்ட்டு, ஐகோர்ட்டு தீர்ப்புகளை தேடிப் படிக்கலாம்.

இ-எஸ்.சி.ஆர்.: 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே தொடங்கியது. 1950 முதலான தீர்ப்புகள் உள்ளன. சில தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கும்.

இந்தியா கோட்: மத்திய, மாநில சட்டங்களைப் பார்க்க மத்திய அரசின் தளம்.

உஷார்!

ஏ.ஐ. சொல்வதை அப்படியே நம்பிடாதீங்க. அமெரிக்காவில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை கோர்ட்டில் தாக்கல் செய்த நியூயார்க் வக்கீல்களுக்கு 2023 ஜூனில் 5 ஆயிரம் டாலர் அபராதம் விழுந்தது! அசல் தீர்ப்பை தேடிப் பார்ப்பதே நல்லது.

செல்போனில் தேதி பார்த்தாலும் வக்கீலிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100-க்கு போன் போடுங்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு.