44 பிள்ளைகள், 9,000 பதிவுகள்: ஒரு லண்டன் கிளினிக்கின் கதை

இன்னைக்கு எபிசோடு, லண்டன்ல இருந்த ஒரு கிளினிக் பத்தி. தன்னோட பாலினமும் தன் உடம்பும் ஒத்துப்போகலைன்னு உணர்ற பிள்ளைகளுக்காக 1989-ல ஆரம்பிச்சது. பின்னாடி டாவிஸ்டாக் மருத்துவ அறக்கட்டளைக்குக் கீழ வந்தது. பேரு ஜிஐடிஎஸ்.

2011-ல அங்க ஒரு ஆய்வு தொடங்கினாங்க. மொத்தம் 44 பிள்ளைகள், 12-ல இருந்து 15 வயசு வரைக்கும். பருவ வளர்ச்சியை நிறுத்தி வைக்கிற மருந்து கொடுத்தாங்க. பிள்ளைங்க நிதானமா யோசிக்க அவகாசம் கிடைக்கும்ங்கிறதுதான் சொல்லப்பட்ட காரணம். ஆனா 43 பேர் அடுத்த கட்ட ஹார்மோன் சிகிச்சைக்குப் போனாங்க. சரியான பிள்ளைகளைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்கன்னும் இதைப் படிக்கலாம். மருந்து ஆரம்பிச்சப்பவே பாதை முடிவாயிடுச்சுன்னும் படிக்கலாம். எதுன்னு சொல்ல, மருந்து எடுக்காத பிள்ளைகளோட ஒப்பிட்டுப் பார்க்கிற ஏற்பாடு அந்த ஆய்வுல இல்ல.

என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு உறுத்துற இடம் இதுதான்: ஆய்வு முடிவு வெளிய வந்தது 2020 டிசம்பர்ல. ஆனா 2014-லயே அந்த மருந்து ஆய்வைத் தாண்டி வழக்கமான சிகிச்சை ஆயிடுச்சு. டெஸ்ட் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே புரொடக்‌ஷன்ல ஏத்தின மாதிரி. கூட்டமும் ஏறுச்சு. 2011-12-ல கிளினிக்குக்குப் பரிந்துரைக்கப்பட்டவங்க 250-க்கும் கம்மி. பத்து வருஷத்துல 5,000-ஐத் தாண்டிடுச்சு.

உள்ள வேலை பார்த்தவங்க சும்மா இருக்கல. அவங்க கவலைகள் பத்தி 2005-லயே ஒரு உள் விசாரணை நடந்தது. நம்ம ஆர்டிஐ மாதிரி அங்க இருக்கிற சட்டம் மூலமா, 2020-லதான் அந்த அறிக்கை வெளிய வந்தது. 2018-ல டேவிட் பெல்ங்கிற மூத்த மனநல மருத்துவர் ஊழியர்கள்கிட்ட பேசி இன்னொரு அறிக்கை எழுதினார்.

2019, 2020-ல பிபிசி நியூஸ்நைட் நிகழ்ச்சியோட ஹன்னா பார்ன்ஸும் டெபோரா கோஹனும் இதைத் தோண்டினாங்க. அதுவரைக்கும் விவாதம் ரெண்டு அணியாத்தான் இருந்தது. ஒண்ணு டிரான்ஸ் மக்களை ஏத்துக்கணும், இல்ல எதிர்க்கணும். இவங்க கேட்டது வேற: சிகிச்சைக்கு அப்புறம் இந்தப் பிள்ளைகள் எப்படி இருக்காங்க? கணக்கு எங்க? டிரான்ஸ் மக்களை ஏத்துக்கிறவங்களும் கேட்கக்கூடிய கேள்வி இது. பொதுக்கருத்து நகர ஆரம்பிச்சது இங்கதான்னு நான் நினைக்கிறேன்.

2020-ல அரசு மருத்துவத்துறை குழந்தை மருத்துவர் ஹிலரி காஸை ஆராயச் சொன்னது. 2024 மார்ச்ல கிளினிக் மூடப்பட்டது. ஏப்ரல்ல அவரோட அறிக்கை வந்தது, 388 பக்கம். பருவத்தை நிறுத்துற மருந்து பத்தின 50 ஆய்வுகளை யார்க் பல்கலைக்கழகம் அலசினதுல, உயர்தரமானது ஒண்ணே ஒண்ணு. மிச்சம் எல்லாத்தையும் தூக்கிப்போட்டாங்கன்னு சோஷியல் மீடியாவுல சுத்தினது தப்பு. நடுத்தர ஆய்வுகளையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வந்தாங்க.

அதைவிட என்னை உலுக்கினது வேற விஷயம். அங்க சிகிச்சை பெற்று வளர்ந்த சுமார் 9,000 பேர் இப்ப எப்படி இருக்காங்கன்னு காஸ் குழு தேடப் பார்த்தது. பதிவுகள் பெரியவங்களுக்கான 7 கிளினிக்ல இருந்தது. 6 கிளினிக் ஒத்துழைக்க மறுத்துட்டாங்க. அறிக்கை வந்து, மேலிருந்து அழுத்தம் வந்த பிறகுதான் சம்மதிச்சாங்க.

ஒண்ணு மறந்துடக்கூடாது. ஆதாரம் பலவீனம்னா, சிகிச்சை கெடுதல்னு நிரூபணம் ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. 2024 டிசம்பர்ல அந்த மருந்துக்கான தடையைக் காலவரையில்லாமல் நீட்டினப்போ, பல டிரான்ஸ் இளைஞர்களும் பெற்றோர்களும் பயந்துதான் போனாங்க. அவசரத்துல சிகிச்சை எடுத்து வருத்தப்பட்டவங்களும் இருக்காங்க, வருஷக்கணக்கா வெயிட்டிங் லிஸ்ட்ல நின்னவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்குமே நேர்மையான பதில் சொல்ல அந்த 9,000 பதிவுகள் வேணும். அடுத்த தடவை யாராவது இந்த விஷயத்துல உறுதியா எதையாவது சொன்னா, எந்தப் பக்கமா இருந்தாலும், எத்தனை பேரை, எத்தனை வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்கன்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.